ஒன்பது இட்லிக் காய்ச்சல்

கவிப்பிரியாவுக்குக் கடுமையான காய்ச்சல் என்று விமானக் கம்பெனிக்குத் தகவல் போன காலையில், அவள் வாழவந்தியில் அப்பா வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து ஒன்பதாவது இட்லியை நிலக்கடலைச் சட்னியில் புரட்டிக்கொண்டிருந்தாள். வெங்கடாசலம் எண்ணிக்கொண்டிருந்தார். பெற்ற மகள் சாப்பிடுவதைத் தகப்பன் எண்ணக் கூடாதுதான். ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கியதும், "அப்பா, இன்னையில இருந்து எனக்கு உடம்பு சரியில்லைங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னவளை வேறு எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

"ஏன் கண்ணு, காய்ச்சல்காரிக்கு இத்தனை இட்லி இறங்குமா?"

"எனக்கு மட்டும் இல்லீங்கப்பா. எங்க கம்பெனியில நானூத்திப் பதினோரு பைலட்டுக்கும் இன்னைக்குக் காலையில ஆறு மணியிலிருந்து காய்ச்சல்."

அடுப்பருகே நின்ற அம்மா கண்ணம்மாளின் கையிலிருந்து கரண்டி நழுவியது. "அய்யோ சாமி, மறுபடியும் கொரோனாவா?"

"இல்லம்மா. சங்கம்."

விஷயம் இதுதான். பைலட்டுகளின் சங்கத்துக்கும் கம்பெனிக்கும் ஏழு மாதமாக லேபர் ஆபீஸில் பேச்சுவார்த்தை நடக்கிறது. அந்தப் பேச்சு நடக்கிற வரைக்கும் வேலைநிறுத்தம் செய்யக் கூடாது என்பது சட்டம். அதனால் கம்பெனி பேச்சை முடிப்பதே இல்லை. ஒவ்வொரு தேதிக்கும் கோட்டுப் போட்ட ஒருவர் வருவார், டீ குடிப்பார், அடுத்த தேதி வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஏழு மாதத்தில் அவர் குடித்த டீயைத் தவிர வேறெதுவும் முன்னேறவில்லை. பார்த்தார்கள் பைலட்டுகள். வேலைநிறுத்தம்தானே கூடாது, காய்ச்சல் வரலாம் அல்லவா? வந்துவிட்டது.

எதைப் பற்றிய பேச்சு என்று வெங்கடாசலம் கேட்கவில்லை. பேச்சுவார்த்தை என்றால் சம்பளம்தான் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார்.

"ஆள் வச்சு விசாரிக்கறாங்கப்பா. காய்ச்சல் பொய்யின்னு எழுத்துல மாட்டுனா வேலை போயிரும். யார் கேட்டாலும் எனக்குச் சீக்குன்னு சொல்லிருங்க" என்று சொல்லிவிட்டுக் கவிப்பிரியா கை கழுவினாள். உள்ளறைக்குப் போய்ப் படுத்தாள். அன்று முழுக்க எழுந்திருக்கவில்லை.

வேலை போயிரும் என்ற சொல்லையே வெங்கடாசலம் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தார். சும்மா வந்த வேலையா அது? சேர்வராயன் மலையில் காப்பியும் மிளகும் போடுகிற குடும்பத்திலிருந்து ஒரு பெண் விமானம் ஓட்டுகிறாள். மலைக்கு மேலே விமானச் சத்தம் கேட்டால் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்கள், "உங்க புள்ளைங்களா?" என்று கேட்பார்கள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, அண்ணாந்து பார்த்து, "இல்லீங்க, இது வேற ஆளு" என்பார். மகள் எந்த ஊருக்கு எத்தனை மணிக்குப் பறக்கிறாள் என்பது அவருக்குச் சுத்தமாகத் தெரியாது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

இதற்குள் கண்ணம்மாள் தன் பங்கைச் செய்துவிட்டாள். யார் கேட்டாலும் சீக்கு என்று சொல்லச் சொன்னதால், கேட்காதவர்களிடமும் சொன்னாள். காலையில் அவள் சொன்ன காய்ச்சல் மதியத்துக்குள் டைபாய்டு ஆனது. சாயந்திரம் வெங்கடாசலம் காளியப்பன் டீக்கடைக்குப் போனபோது, "ஏனுங்கண்ணா, பிரியாவுக்கு மஞ்சக்காமாலை முத்திப்போச்சாமே?" என்று காளியப்பன் கண் கலங்கினான்.

வெங்கடாசலத்துக்குப் பகீரென்றது. காரணம், கருமந்துறைப் பக்கத்திலிருந்து பிரியாவைப் பெண் கேட்டு ஒரு பேச்சு வந்திருந்தது. பையன் வேளாண்மை ஆபீஸர். பிரியாவிடம் சொன்னபோது அவள் "பார்க்கலாம்" என்றாள். பிள்ளைகள் பார்க்கலாம் என்றால் பெற்றவர்கள் பந்தலுக்கே சொல்லிவிடுவார்கள், அது ஒரு வியாதி. இந்த வாரம் பையனின் பெரியப்பா வந்து ஊரில் விசாரிப்பார் என்று தரகர் சொல்லியிருந்தார். அப்படி விசாரிக்க வருகிறவர்கள் நேராக வீட்டுக்கு வந்துவிடுவார்களா? பஸ் ஸ்டாப்பில் இறங்குவார்கள், டீ சொல்வார்கள், மிளகு என்ன விலை போகிறது என்பார்கள், அப்புறம்தான் யாருக்கும் தெரியாது என்ற நினைப்பில், "இந்தப் பக்கம் வெங்கடாசலம்னு ஒருத்தராமே" என்று ஆரம்பிப்பார்கள். எல்லோருக்கும் தெரியும். ஆக, கல்யாணம் முதலில் நிச்சயமாவதும் முறிவதும் காளியப்பன் கடையில்தான்.

அங்கே போய் மஞ்சக்காமாலை உட்கார்ந்திருந்தால்?

வெங்கடாசலம் ஒரு டீயைக் குடித்து முடிப்பதற்குள் ஒரு திட்டம் போட்டார். கம்பெனி டெல்லியிலோ பம்பாயிலோ இருக்கிறது. ஆள் வைத்தாலும் அது போனில்தான் கேட்கும், இருபது வளைவு ஏறி வாழவந்திக்கா வரப்போகிறது? மாப்பிள்ளை வீடு நேரில்தான் வரும். ஆகவே போனில் கேட்டால் சீக்கு, நேரில் கேட்டால் தெம்பு. இவ்வளவு எளிமையான யோசனை ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டார்.

"காளியப்பா, புள்ளைக்கு ஒண்ணும் இல்லை. லீவுல வந்திருக்குது. நேர்ல ஆரு வந்து கேட்டாலும் குண்டுக்கல்லாட்டம் இருக்குதுன்னு சொல்லோணும். புரியுதா?"

"மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வர்றாங்களாண்ணா? நீங்க விடுங்க."

பக்கத்து எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிற பூவாயியும் அங்கே இருந்தாள். எஸ்டேட் தொழிலாளர் சங்கத்துக்கு இருபது வருஷமாகச் செயலாளர், வாயைத் திறந்தால் எஸ்டேட் கணக்கெழுதுகிற ரைட்டர் நாற்காலியை விட்டு எழுந்து நிற்பார். அவளும், "நாங்க பார்த்துக்கறோமுங்க" என்றாள். கல்யாணத்துக்காக என்றால் பூவாயி பொய் சொல்வாள். மற்றபடி நேர்மையானவள்.

செவ்வாய்க்கிழமையும் பிரியா தூங்கினாள். மதியம் எழுந்து களி தின்றுவிட்டு மறுபடி படுத்தாள். பெண் விமானம் ஓட்டப் போய்ச் சோம்பேறி ஆகிவிட்டது என்று வெங்கடாசலம் நினைத்தார். கண்ணு பட்டுவிட்டது என்று கண்ணம்மாள் மிளகாயைச் சுற்றி அடுப்பில் போட்டாள். வீடே இருமியது, பிரியா மட்டும் அசையவில்லை.

புதன்கிழமை பதினொரு மணிக்குப் போன் வந்தது. காளியப்பன் குரலை அடக்கிப் பேசினான். "அண்ணா, வந்துட்டாங்க. வெள்ளைக் கார். நல்லாச் சொல்லி அனுப்பியிருக்கறேன்."

கடையில் நடந்ததைக் காளியப்பன் பின்னால் பலமுறை நடித்தே காட்டிவிட்டான். காரிலிருந்து இறங்கியவர் பெயர் விஜயகுமார். கழுத்தில் டை, கையில் ஃபைல், முகம் வெளிறிப்போயிருந்தது. மலை ஏறும்போது மூன்று வளைவுகளில் வாந்தி எடுத்திருக்கிறார். டிரைவர் மேக்ஸ்வெல் கொட்டாவிக்கு நடுவில் மூன்று டீ குடித்தான், மூன்றாவதைக் குடிக்கும்போதே பெஞ்சில் சாய்ந்துவிட்டான். விஜயகுமார் மிளகு விலையெல்லாம் கேட்கவில்லை. எடுத்த எடுப்பிலேயே, "இந்த ஊர்ல கவிப்பிரியான்னு பைலட் ஒருத்தங்க இருக்காங்களே, அவங்களுக்கு உடம்பு எப்படி இருக்கு?" என்றார். பட்டணத்து ஆள், சுற்றி வளைக்கத் தெரியவில்லை போலும் என்று காளியப்பன் நினைத்தான்.

"உடம்புங்களா! நேத்து சாயந்திரம் அம்பது கிலோ காப்பி மூட்டையை ஒத்தையா தூக்கி ஜீப்புல போட்டுதுங்க. நானே நொம்ப பயந்துட்டேன்."

"ஜீப்புக்கு இல்லீங்களா பயந்தீங்க?" என்று பூவாயி சேர்ந்துகொண்டாள். "காலையில சில்வர் ஓக் மரத்துல ஏணி இல்லாம ஏறி மிளகு பறிச்சுதுங்க. அந்தப் புள்ளைக்குத் தும்மல்கூட வந்து நான் பார்த்ததில்லை."

விஜயகுமார் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பேரைக் கேட்டு, கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். எவ்வளவு ஒழுங்கான சம்பந்தம் என்று இரண்டு பேரும் பூரித்துப்போனார்கள்.

வீட்டில் வெங்கடாசலம் சலவை வேட்டியில் காத்திருந்தார். கண்ணம்மாள் கேசரி கிண்டியிருந்தாள். விருந்தாளிக்கு நல்ல நாற்காலி போடப்பட்டது. டிரைவர் வாசலில் காரிலேயே சீட்டைச் சாய்த்துப் படுத்துவிட்டான்.

"உங்க மகளுக்குக் காய்ச்சல்னு கேள்விப்பட்டோம்" என்றார் விஜயகுமார்.

"ஆருங்க சொன்னது? பொறாமை புடிச்சவங்க ஆயிரம் சொல்லுவாங்க. பொறந்ததுல இருந்து ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சதில்லீங்க."

"தலைசுத்தல், மயக்கம்?"

"வானத்துல பறக்கறவளுக்குத் தலை சுத்துமுங்களா?"

"சாப்பாடு?"

"வந்த அன்னைக்கு ஒம்பது இட்லிங்க. நானே எண்ணினேன்."

"தூக்கம்?"

"படுத்தா இடி விழுந்தாலும் எந்திரிக்காதுங்க."

விஜயகுமார் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, "இதுக்கு எல்லாம் நீங்க பொறுப்புன்னு இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றார். இந்தக் காலத்துச் சம்பந்திகள் கையெழுத்தெல்லாம் வாங்குவார்கள் போல என்று வெங்கடாசலம் நினைத்தார். இருக்கட்டும், நமக்கென்ன பயம்? இன்ஷியலோடு, வளைத்து, அடிக்கோடு போட்டுக் கையெழுத்திட்டார். பிறகு கேசரித் தட்டை நீட்டி, "ஏனுங்க, நீங்க மாப்பிள்ளைக்குச் சொந்தப் பெரியப்பாவா, ஒண்ணுவிட்ட பெரியப்பாவா?" என்றார்.

"எந்த மாப்பிள்ளை?"

அந்த நேரம் பார்த்து உள்ளறைக் கதவு திறந்தது. தலை கலைந்து, கன்னத்தில் பாய்த் தடத்தோடு பிரியா வெளியே வந்தாள். நாற்காலியைப் பார்த்தாள். ஃபைல் அட்டையில் இருந்த கம்பெனி முத்திரையைப் பார்த்தாள்.

"விஜயகுமார் சார்?"

"குட் மார்னிங் மேடம்" என்று அவர் எழுந்து நின்றார். அந்த மரியாதையைப் பார்த்ததும்தான் வெங்கடாசலத்துக்கு எல்லாம் புரிந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா எந்த ஊரில் பெண்ணைப் பார்த்து எழுந்து நிற்பார்?

சம்பந்தி என்று நினைத்து அவர் கேசரி கொடுத்தது கம்பெனிக்கு. மகளின் வேலைக்குத் தன் கையாலேயே, அடிக்கோடும் போட்டு, உலை வைத்திருக்கிறார். விஜயகுமார் வருத்தப்படுகிற குரலில்தான் சொன்னார். இந்தத் தாள் சாயந்திரம் ஆபீஸுக்குப் போகும், பொய்க் காரணம் சொல்லி வேலைக்கு வராதவர்களை நீக்குவது என்று முடிவாகியிருக்கிறது, தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். ஃபைலை மூடி அக்குளில் வைத்துக்கொண்டார்.

வெங்கடாசலம் மகளின் முகத்தைப் பார்க்கப் பயந்தார். கத்துவாள் என்று நினைத்தார். அவள் கன்னத்துப் பாய்த் தடத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றாள்.

"சம்பளத்துக்காக இத்தனை வேணுமா கண்ணு?" என்று கேட்டார். கேட்ட பிறகு இன்னும் அசிங்கமாக இருந்தது.

"சம்பளம்னு ஆருப்பா சொன்னது?" பிரியா கதவோரமாகவே தரையில் உட்கார்ந்தாள். "ரெண்டு டியூட்டிக்கு நடுவுல தூங்கறதுக்கு நேரம் கேட்கறோம். அவ்வளவுதான். ஆடி மாசத்துல ஒரு நாள். நாலாவது நாளா விடிய விடியப் பறக்கறேன். பின்னால நூத்தி எழுபத்தாறு பேர். விடியக்காலம் கண்ணைத் திறந்து பார்த்தா, பக்கத்துல கேப்டன் தூங்கறாரு. கீழே இருந்து ரேடியோவுல எங்களைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. பதினோரு நிமிசம், அப்பா. பதினோரு நிமிசம் அந்தப் பிளேனை ஆருமே ஓட்டலை."

வெங்கடாசலத்துக்கு இரண்டு நாளாக அந்தக் கதவுக்குப் பின்னால் நடந்தது என்ன என்று இப்போது விளங்கியது. சோம்பேறி என்றல்லவா நினைத்தோம் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

"நாங்களே ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தோம். சாருக்குத் தெரியும்" என்றாள் பிரியா. விஜயகுமார் கேசரித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை வீட்டாருக்கு என்று ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்த பூவாயி, வாசலில் நின்றபடியே பாதியைக் கேட்டுவிட்டாள். மீதியைக் கண்ணம்மாள் அழுதுகொண்டே சொன்னாள். பூவாயிக்கு வந்த கோபம் முழுக்க வெங்கடாசலத்தின் மேல்தான்.

"ஏனுங்க, ஸ்ட்ரைக்குன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களா? இருபது வருசமா எனக்கு இதேதானே பொழப்பு! புள்ளைக்கு டைபாய்டுன்னு நானே ஒரு பாட்டம் அழுதிருப்பனே! ஏணி இல்லாம ஏறுச்சுன்னு கையெழுத்தில்ல போட்டுட்டேன்!" பிறகு விஜயகுமார் பக்கம் திரும்பினாள். "சார், பேச்சு நடக்கும்போது நிறுத்தக் கூடாதும்பீங்க. சரிங்க. அப்ப பேசோணுமில்ல? உங்க கம்பெனி ஆளு தேதிக்குத் தேதி டீ குடிச்சுட்டுப் போயிட்டே இருந்தா, இந்தப் புள்ளைக வாயில சீக்குங்கற பொய்யை ஊட்டினது ஆருங்க?"

விஜயகுமார் கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே மூடுபனி காப்பிச் செடிகளுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. பனி முழுக்க மூடுவதற்குள் சேலம் இறங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்க் கார் கண்ணாடியைத் தட்டினார். மேக்ஸ்வெல் எழவில்லை. கதவைத் திறந்து தோளை உலுக்கினார்.

"சார்... ஒரு ரெண்டு மணி நேரம் சார்."

"என்னப்பா விளையாடுற? நாலு மணிக்கு நான் ஸ்கேன் பண்ணி அனுப்பணும். எடு வண்டியை."

"திங்கக்கிழமையிலிருந்து ஓட்டறேன் சார். கோயமுத்தூர், கரூர், திருச்சி, ராத்திரியோட இங்க. படுக்கவே இல்லை."

"உன் ஓனர்கிட்டச் சொல்லுவேன்."

"சொல்லுங்க சார். வேலையை விட்டுத் தூக்குனாலும் தூக்கட்டும்" என்று மேக்ஸ்வெல் கண்ணைத் திறக்காமலே சொன்னான். "நீங்க வாந்தி எடுத்ததால பார்க்கலை. ஏறும்போது ஒம்பதாவது வளைவுல எனக்குக் கண்ணு சொக்கிருச்சு. சுவரு பக்கத்துல வந்த பிறகுதான் முழிச்சேன். இப்ப பனி வேற. நான் எடுக்க மாட்டேன்."

விஜயகுமாரின் முகத்தில் கொஞ்சநஞ்சம் இருந்த நிறமும் போனது. ஒன்பதாவது வளைவு எப்படி இருக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும், அங்கேதான் தலையை வெளியே நீட்டியிருந்தார். காரை விட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"தூங்குப்பா" என்றார். "நல்லாத் தூங்கு. ரெண்டு மணி நேரம் என்ன, மூணு மணி நேரம் தூங்கு. தூங்காம நீ வண்டியைத் தொடக் கூடாது, சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டுத் திரும்பியவர் எல்லோரும் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார். வெங்கடாசலம்தான், தன் வாழ்நாளில் யாரையும் மடக்கிப் பேசி அறியாதவர், உண்மையாகவே தெரிந்துகொள்கிற பாவனையில் கேட்டார்.

"ஏனுங்க, அந்தத் தம்பிக்குச் சீக்குங்களா?"

"இல்லீங்க. தூக்கம்."

"வேலைக்கு மாட்டேன்னு சொல்லுதே, வேலையை விட்டு நிறுத்தீருவீங்களா?"

விஜயகுமார் நல்ல நாற்காலிக்குப் போகாமல் வாசல்படியிலேயே உட்கார்ந்தார். பூவாயி ஒரு வாழைப்பழத்தைப் பிய்த்துக் கையில் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார், உரிக்கவில்லை. மூன்று மணி நேரம் அங்கேயே இருந்தார். காளியப்பன் பைக்கில் மாப்பிள்ளை வீட்டாரைப் பார்க்க வந்து ஹார்ன் அடித்தபோது அவரே எழுந்து ஓடி, "சத்தம் போடாதீங்க, டிரைவர் தூங்கறாரு" என்று அடக்கினார்.

மேக்ஸ்வெல் முகம் கழுவி வந்தபோது விஜயகுமார் ஃபைலைத் திறந்தார். "இதைக் கிழிக்க முடியாதுங்க, நம்பர் போட்ட தாள்" என்றார் வெங்கடாசலத்திடம். "ஆனா கடைசியில என் குறிப்புன்னு ஒரு இடம் இருக்கு. இதுவரைக்கும் ஏழு வீட்டுல நான் அதுல ஒண்ணும் எழுதலை." பேனாவை எடுத்து எழுதினார். 'நேரில் பார்த்தேன். கடும் களைப்பு. ஓய்வு கொடுக்காமல் இவரைப் பறக்கச் சொல்வது ஆபத்து.' கீழே தன் பெயரைப் போட்டார். போகும்போது கேசரியைக் கட்டிக் கொடுத்தார்கள். மேக்ஸ்வெல் ஒவ்வொரு வளைவிலும் ஹார்ன் அடித்துக்கொண்டு இறங்கியது வெகுநேரம் கேட்டது.

பிரியாவின் வேலை போகவில்லை. ஒரு தாளில் மூட்டை தூக்கினாள் என்றும் அதே தாளில் களைப்பு என்றும் இருந்தால் கம்பெனி எதை வைத்து யாரை நீக்கும்? விஜயகுமாரிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்களாம். லேபர் ஆபீஸில் அடுத்த தேதிக்குக் கோட்டுப் போட்டவர் வரவில்லை, வேறொருவர் வந்தார், டீ வேண்டாம் என்றுவிட்டு ஓய்வு நேரத்தைப் பற்றி முதல்முறையாக வாயைத் திறந்தார் என்று சங்கத்திலிருந்து செய்தி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை காளியப்பன் மறுபடி போன் செய்தான். இந்த முறை குரல் இன்னும் ரகசியமாக இருந்தது.

"அண்ணா, ஒருத்தர் வந்திருக்காரு. மிளகு விலை கேட்டாரு. இப்ப பிரியாவுக்கு உடம்பு எப்படின்னு கேட்கறாரு. மாப்பிள்ளை ஊடா, கம்பெனியான்னு புடிபடலை. என்ன சொல்லட்டும்? தெம்பா, சீக்கா?"

வெங்கடாசலம் உள்ளறையை எட்டிப் பார்த்தார். பிரியா வாயைத் திறந்து, ஒரு கை பாய்க்கு வெளியே கிடக்கத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"புள்ளை தூங்குதுன்னு சொல்லு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். எந்திரிச்சதும் அதுவே பேசும்னு சொல்லு" என்று போனை வைத்தார். பிறகு சமையலறைக்குப் போய், கண்ணம்மாள் போடவிருந்த மிக்ஸியின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கி எடுத்தார்.